பைலி சாரின் சோகப்படமும் பாலக்கரைப் பெண்களும்

சினிமாத் தொழிலில் நுழைய மூளை வேண்டாம், வாய் போதும் என்று ஒரு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். (வாய்க்கு எங்கள் குடும்பத்தில் என்றுமே பஞ்சமில்லை.)

அந்த வாயில் வந்து மாட்டியவர் கொச்சிக்காரர் பைலி சார். மிளகு வியாபாரத்தை விட்டுவிட்டுப் படத் தயாரிப்பில் இறங்கியவர். எடுத்ததெல்லாம் சோகப்படம். வாங்க ஆளில்லாததால் தானே விநியோகஸ்தரும் ஆகிவிட்டார். திருச்சியில் படத்தை வெளியிட ஆள் தேடினார்.

"துவாக்குடி காலேஜ்ல ஏகப்பட்ட மலையாளிப் பசங்க சார். ஓணத்தன்னிக்கு ரிலீஸ் பண்ணுங்க, தியேட்டர் தாங்காது" என்றேன்.

"படம் ஓடியால் இனி திருச்சி ஏரியா விநியோகம் முழுக்க உனக்குத்தான் மோளே" என்றார்.

ஓணத்துக்கு மலையாளிகள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லையோ! ஹாஸ்டலே காலி. காலைக் காட்சியில் ஏசிக்காக வந்த இருவர் தூங்கினார்கள். மதியக் காட்சிக்கு வருவதாக ஸ்ரீரங்கத்து லாட்ஜிலிருந்து பைலி சார் போன் செய்தார். பதறிப்போய்ப் பாலக்கரை அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்தை, தெருவுல இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. டிக்கெட் ஃப்ரீ."

"மலையாளம் எங்களுக்குப் புரியுமாடி?"

"பாத்தா புரியும் அத்தை!"

முறுக்குப் பொட்டலங்களோடு தெருவே வந்து இறங்கியது.

படத்தில், கடலுக்குப் போன மீனவப் பையன் திரும்பவில்லை. கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று அவன் அம்மா ஊரெல்லாம் கேட்டு அழுகிறாள். மலையாளத்தில் 'பறஞ்ஞு' என்றால் சொன்னான் என்று அர்த்தம். அத்தைக்கு அது எப்படித் தெரியும்?

"பறந்துட்டானாம்!" என்று தியேட்டருக்கே அறிவித்தார். "வீட்ல சொல்லாம துபாய்க்கு பிளேன் ஏறிட்டான். அதான் அழறா."

"என் மவனும் இப்படித்தான் போனான்" என்று பக்கத்து வீட்டு ஜமீலாக்கா சிரித்தார். திரையைப் பார்த்து, "அழாதம்மா, போன் பண்ணுவான்!" என்று ஆறுதல் வேறு.

அதன்பின் யார் 'பறஞ்ஞு' என்றாலும் சிரிப்பு. பையனின் சட்டை கரை ஒதுங்கியபோது, "அங்க போய் புதுசு வாங்கிக்கலாம்னு கழட்டிப் போட்டுட்டான் பாரு" என்றார் அத்தை. ஒரே விசில். கடைசி வரிசையில் பைலி சார் சிலையாக உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலிக்கு அடியில் போகாத குறை.

விளக்கு எரிந்ததும் அத்தை நேரே அவரிடம் போனார். "நீங்கதான் எடுத்தீங்களா? சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதுங்க. பையன் துபாய்லேருந்து வந்து இறங்குறதையும் காட்டியிருக்கலாமே?"

செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சேச்சி இரிக்கூ" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார் பைலி சார். "வந்து இறங்கி... பின்னே?"

அத்தை உட்கார்ந்து மீதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வீட்டில் சொல்லாமல் துபாய்க்கு ஓடிய பையனின் கதைதான் பைலி சாரின் அடுத்த படம். அவர் எடுத்ததில் முதன்முதலாக ஓடியதும் அதுதான். எனக்குத் தருவதாகச் சொன்ன திருச்சி ஏரியாவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். இப்போது எந்தப் படம் ஆரம்பித்தாலும் அத்தைக்குப் போன் போட்டு மலையாளத்தில் கதை சொல்கிறார். அத்தை எங்கே சிரிக்கிறாரோ அந்தக் காட்சி மட்டும் படத்தில் நிற்கும். டைட்டிலில் கதை ஆலோசனை என்று அத்தையின் பெயர் வருகிறது.

உறவுக்காரர் கல்யாணங்களில் அத்தை என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் எல்லோருக்கும் அறிமுகம் செய்கிறார்:

"இவதாங்க எனக்கு சினிமாவுல சான்ஸ் வாங்கிக் கொடுத்தா."