வேட்டியைப் பிடித்த கையால் எழுதிய டிக்கெட்

பேர்லேண்ட், டெக்சாஸ்
11-10-1999, திங்கள்

மரியாதைக்குரிய மச்சான் சேனாபதி அவர்களுக்கு,

இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது. இங்கே நானும் உங்கள் தங்கை சாரதாவும் மகள் வான்மதியும் சுகம். அங்கே நீங்களும் கண்மணி அக்காவும் சுகமாக இருப்பீர்கள். அங்கே என்றால் நாலு மைல். ஃபோனில் முடிகிற விஷயத்துக்கு ஏன் தபால்தலை ஒட்டுகிறேன் என்றால், நான் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் வீட்டில் ஆன்ஸரிங் மெஷின்தான் பேசுகிறது. மூன்றாவது தடவை மட்டும் நீங்களே எடுத்தீர்கள். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பருங்க" என்று தமிழில் சொல்லி வைத்துவிட்டீர்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் நிம்மதியாகப் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தவனை, "உங்க படிப்புக்கு இங்க யுனிவர்சிட்டியெல்லாம் கதவத் தெறந்து வெச்சிருக்குதுங்க மாப்ளே" என்று எண்பத்தெட்டில் கடிதம் போட்டு வரவழைத்தீர்கள். வந்தேன். ஆறு வருஷம் ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரதி எடுத்தேன். அதன் பிறகு எனக்கென்று ஒரு கதவு திறந்தது. அது பஸ்ஸர் அடித்தால் மட்டும் திறக்கும், உள்ளே போனதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். கவுண்டி ஜெயில். நாலு வருஷம் அங்கே நாற்பத்தெட்டுக் கைதிகள் இருந்த கூடத்துக்குக் காவல் இருந்தேன், தினம் ஐந்து முறை தலை எண்ணினேன். ஈரோட்டில் என் வகுப்பில் ஒருநாளும் பார்க்காத முழு வருகைப் பதிவை அங்கேதான் பார்த்தேன். கைதிகள் என்னைப் புரொஃபசர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருவன் பணவீக்கம் என்றால் என்னவென்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருந்தான். அவனால் போக முடியாது என்பது வேறு விஷயம். நீங்களோ உங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என்னை எல்லோருக்கும் "கவுண்டி அட்மினிஸ்ட்ரேஷன்ல இருக்காரு" என்று அறிமுகப்படுத்தினீர்கள். ஜெயில் என்ற சொல்லைச் சொன்னால் பாயசம் திரிந்துவிடும் போல.

போன வருஷம் நாற்பத்தெட்டு வயதில், என் மாணவர்களை விடச் சின்னப் பையன்களோடு அகாடமியில் ஓடி, சுவர் ஏறிக் குதித்து, ஷெரிஃப் டெபுடி ஆனேன். ரோந்துக் கார் கொடுத்தார்கள். அந்தக் காரில் உங்கள் வீட்டுக்கு வந்தால், "அடுத்த தெருவுல நிறுத்திட்டு நடந்து வாங்க மாப்ளே, பார்க்கறவங்க என்ன நெனைப்பாங்க" என்றீர்கள். ஹாலோவீன் வாரத்தில் யாரோ உங்கள் தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டுப் போனபோது மட்டும், "ஒரு ரெண்டு மணி நேரம் நம்ம வாசல்ல நிறுத்தி வெய்ங்க" என்றீர்கள். நிறுத்தினேன். காபி கூட வெளியே காருக்குத்தான் வந்தது. இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தேதியோடு சொல்வேன்.

இப்போது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு ரோந்தில் என் பக்கத்தில் சார்ஜென்ட் டில்மன் உட்கார்ந்திருந்தார். என் ஒரு வருஷச் சோதனைக்காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வேலை நிலைக்குமா, மறுபடி ஜெராக்ஸ் கடைதானா என்பது அவர் மடியில் இருந்த அட்டையில் செருகிய தாளில் இருந்தது. காலை பதினொன்றரை மணி. ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகக் கூடாத ரோட்டில் ஒரு மெரூன் நிறக் கேம்ரி கார் பறந்து போனது. நான் ரேடாரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேம்ரியைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் இருமல் வந்த மாதிரி முகத்தைத் திருப்பினேன். சார்ஜென்ட் முகத்தைத் திருப்பவில்லை. "எழுபத்தொன்று. போய் நிறுத்து, உன் திறமையைப் பார்க்கிறேன்" என்றார்.

நிறுத்தினேன். நீங்கள் உடனே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பட்டு வேட்டியும் திருநாமமுமாக, சிரித்த முகத்தோடு எங்களை நோக்கி நடந்து வந்தீர்கள். இதில் உங்கள் மேல் தப்பில்லை என்று நான் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் ஒப்புக்கொள்கிறேன், அது இந்த இடம். நம் ஊரில் போலீஸ் நிறுத்தினால் வண்டியை விட்டு இறங்கி அவரிடம் போவதுதான் மரியாதை, உட்கார்ந்தே இருந்தால் திமிர். இந்த ஊரில் உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை, இறங்கி நடந்து வந்தால் வம்புக்கு வருகிறான் என்று அர்த்தம். இருபத்தேழு வருஷம் அமெரிக்காவில் இருந்தும் உங்களுக்கு இது தெரியாததற்குக் காரணம், இதுவரை யாருமே உங்களை நிறுத்தியதில்லை. அவ்வளவு ஒழுங்காக ஓட்டுகிறவர் நீங்கள். அன்றைக்குக் கோயிலில் பன்னிரண்டு மணி நைவேத்தியத்துக்குப் புளியோதரை போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம். அதனால்தான் எழுபத்தொன்று.

"சார், ப்ளீஸ் கோ பேக் டு யுவர் கார்" என்றேன்.

"என்னங்க மாப்ளே, சாரு மோருன்னுட்டு. சனிக்கிழமையும் ட்யூட்டி போட்டுட்டாங்களா?" என்றபடி நீங்கள் இடுப்பில் கையை விட்டீர்கள். லைசன்ஸை வேட்டி மடியில் சொருகி வைத்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். சார்ஜென்ட்டுக்குத் தெரியாது. இந்த ஊரில் இடுப்புக்குக் கை போனால் அங்கே இருப்பது லைசன்ஸ் அல்ல. அவர் கார்க் கதவுக்குப் பின்னால் குனிந்து, துப்பாக்கி உறையில் கை வைத்து, "ஹேண்ட்ஸ்" என்று ஒரு சத்தம் போட்டார். நீங்கள் ஒரு கையைத் தூக்கினீர்கள். பார்ப்பதற்கு ஆசீர்வாதம் செய்வது போல இருந்தது. "போத் ஹேண்ட்ஸ்" என்றார்.

"மாப்ளே, அவருகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க. லைசன்ஸ எடுக்கறப்ப முடிச்சு அவுந்துபோச்சு. ரெண்டு கையயும் தூக்குனா வேட்டி போயிருமுங்க."

காருக்குள்ளிருந்து, மடியில் புளியோதரை அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கண்மணி அக்காவின் குரல் வந்தது. "மேல பெல்ட் போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் தம்பி. கேட்டாருங்களா? பட்டுக்கு பெல்ட் போட்டா நல்லாருக்காதாம்."

அகாடமியில் எனக்கு இருபத்திரண்டு வாரம் பாடம் நடத்தினார்கள். கத்தி வைத்திருப்பவனை எப்படி நெருங்குவது, நாயை அவிழ்த்து விட்டவனை எப்படி நெருங்குவது, எல்லாம் வந்தது. வேட்டி அவிழும் மைத்துனரை எப்படி நெருங்குவது என்று ஒரு வரி இல்லை. நேரே நடந்து வந்து உங்கள் வேட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு கைகளையும் தூக்கினீர்கள். டெக்சாஸ் வெயிலில் அப்படியே நின்றோம்.

"டெபுடி, நீ அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று சார்ஜென்ட் கேட்டார்.

"இவருடைய உடையைப் பாதுகாக்கிறேன், சார்ஜென்ட். இவர் என் மனைவியின் அண்ணன்" என்றேன்.

அவர் கையை உறையிலிருந்து எடுத்தார். ஆனால் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு முதலாவதை விட இரண்டாவதுதான் பயமாக இருந்தது.

அதற்குள் கோயிலுக்குப் போகிற கார்கள் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. நம்மவர்களுக்குத் தெரிந்த முகம் ரோட்டோரம் நின்றால் தாண்டிப் போக மனசு வராது. முதலில் இறங்கியவர் பிச்சுமணி. "என்ன சேனாபதி சார், பேட்டரி டவுனா? கேபிள் இருக்கு, எடுக்கட்டுமா?" கைகளைத் தூக்கியபடியே நீங்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மாப்ளையோட பேசிட்டிருக்கறேன்" என்றீர்கள். அவரும் நம்பினார். ஆறு கார்கள் வரிசையாக நின்றுவிட்டன. சார்ஜென்ட் ரேடியோவை எடுத்துக்கொண்டு, "இவர்களெல்லாம் யார்?" என்றார். உதவி செய்ய வந்தவர்கள் என்றேன். யாருக்கு என்றார். அது அவர்களுக்கே இன்னும் தெரியாது என்றேன். இதற்கு நடுவில் கண்மணி அக்கா நைவேத்தியத்துக்கென்று தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்ததைத் தொடாமல், அண்டாவிலிருந்து ஒரு காகிதத் தட்டில் புளியோதரை எடுத்துக்கொண்டு வந்து சார்ஜென்ட்டிடம் நீட்டினார். ட்யூட்டியில் எதுவும் வாங்கக் கூடாது என்று அவர் மூன்று தடவை மறுத்தார். மூன்று தடவை மறுப்பது நம்மில் மரியாதை அல்லவா, அக்கா தட்டை ரோந்துக் காரின் பானட் மேல் வைத்துவிட்டு, "வெக்கப்படறாரு. நீங்க சொல்லிச் சாப்புட வெய்ங்க தம்பி" என்று போய்விட்டார்.

உங்கள் வேட்டியைக் கட்டி முடித்து டிக்கெட் புத்தகத்தை எடுத்தேன். அப்போது நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "எழுதாதீங்க மாப்ளே. இத்தன பேரு பார்க்கறாங்க. நான் கூட்டியாந்த ஆளு நீங்க."

பதினோரு வருஷத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை கூடச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் சொன்னதில்லை. அது உண்மை. அதனால்தான் அப்படிக் குத்தியது. "எழுபத்தொண்ணு மச்சான்" என்று மட்டும் சொல்லி எழுதினேன். ஒரு எழுத்து விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், கல்லூரியில் விடைத்தாள் திருத்திய அதே கையால் எழுதிக் கொடுத்தேன். அந்த டிக்கெட்டில் எவனும் குறை காண முடியாது.

அன்று முதல் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, பேச்சு இல்லை. சாரதா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எங்கண்ணன் வேட்டியப் புடிச்ச கையில பேனாவப் புடிச்சிருக்க வேண்டாம்." பிறகு போன புதன்கிழமை நீங்கள் அவளிடம் சொல்லி அனுப்பிய செய்தி வந்தது. நீங்கள் கேஸை எதிர்த்து வாதாடப் போகிறீர்கள், இருபத்தோராம் தேதி கோர்ட், டிக்கெட் எழுதிய டெபுடி வராவிட்டால் கேஸ் தானாக விழுந்துவிடுமாம், ஆகவே நான் அன்றைக்கு லீவு போடவேண்டுமாம். வந்தால், தை மாதம் வான்மதி கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரமாட்டாராம்.

மச்சான், நான் லீவு போட்டால் சோதனைக்காலத்தில் சொந்தக்காரனைத் தப்பவிட்டவன் என்று என்னை அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால் என் மகளுக்கு மாலை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நீங்கள், நான் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான், அதுவும் நாற்பதுக்கு மேல் போகவிடாமல். உங்கள் இடத்தில் நான் யாரை நிறுத்துவது? அவளிடமே கேட்டேன். "அப்பா, யூ ஜஸ்ட் கோ டு கோர்ட். மாமாவ நான் ஹேண்டில் பண்ணிக்கறேன்" என்றாள். அவளால் முடியும். ஆனால் நீங்கள் அவளுக்காக வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மணவறையில் நின்றால் அது எனக்கு வேண்டாம்.

ஆகவே முடிவாகச் சொல்லிவிடுகிறேன். இருபத்தோராம் தேதி நான் கோர்ட்டுக்கு வருவேன். சத்தியம் செய்துவிட்டு எழுபத்தொன்று என்று சொல்வேன். நீதிபதி என்ன கேட்டாலும் எழுபத்தொன்றுதான். உங்கள் மேல் எனக்கு உள்ள மரியாதையில் ஒரு மைல் கூடக் குறைக்கமாட்டேன். இதற்குப் பிறகு உறவு வேண்டாம் என்றால் அதையும் மெஷினிடமே சொல்லிவிடுங்கள்.

கண்மணி அக்காவுக்கு என் வணக்கம். அந்தப் புளியோதரையை யார் சாப்பிட்டார்கள் என்று அவர் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். சார்ஜென்ட் தட்டைத் தொடவில்லை. திரும்பும்போது தட்டு காலியாக இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. உங்கள் முட்டிவலிக்குத் தைலம் சாரதாவிடம் கொடுத்திருக்கிறேன், நான் கொடுத்ததாகச் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நீடூழி நலமாக இருக்க வேண்டுகிறேன், கோபத்தோடுதான்.

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்தேன். நீங்கள் மறுக்க முடியாதபடி டிக்கெட் நம்பரையும் சேர்த்துவிடலாமென்று இன்று காலையில் ஆபீஸில் என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நம்பர் இருக்கிறது, வேகம் இருக்கிறது, கேம்ரி மெரூன் என்று கூட இருக்கிறது. அடியில் டெபுடி கையெழுத்துப் போடவேண்டிய கோடு வெறுமையாக இருக்கிறது. ஈரோட்டில் கையெழுத்தில்லாத ஹால் டிக்கெட்டோடு வந்த எத்தனையோ மாணவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு உட்காரமுடியவில்லை, வேலை போனால் போகிறதென்று சார்ஜென்ட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்து கூடப் பார்க்காமல், "அன்றைக்கே பார்த்தேன். நீயாக வந்து சொல்கிறாயா என்று பத்து நாளாக உன் சோதனைக்காலத் தாளை முடிக்காமல் வைத்திருந்தேன்" என்று சொல்லி, என் எதிரிலேயே என்னை நிரந்தரம் செய்து எழுதினார். கையெழுத்தில்லாத தாள் எங்கேயும் செல்லாது, அந்தக் கேஸை விலக்கிக்கொள் என்றும் சொன்னார். விலக்கிக்கொண்டேன். இருபத்தோராம் தேதி நீங்களும் போகவேண்டாம், நானும் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுத உங்கள் வீட்டுக்கு வருகிறேன், காரை உங்கள் வாசலிலேயே நிறுத்துவேன். கையெழுத்தில்லாத தாள் செல்லாது என்பது சட்டமாக இருக்கும் பட்சத்தில், மேலே நான் எழுதிய எதுவும் செல்லாமல் போகட்டும் என்று இந்தக் கடிதத்தையும் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.