பழைய கார் பார்க்கக் கூட வருகிறவர்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் தென்படுகிற ஓர் இனத்தைப் பற்றிச் சொல்கிறேன். இட்லி முடிந்து கறிக்குழம்புக்கு இன்னும் நேரமிருக்கிற அந்த இடைவெளியில், யாரோ விற்கப் போட்டிருக்கும் ஒரு காரை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை லேசாகப் பிதுக்கியபடி வலம் வந்துகொண்டிருப்பார். வாங்குகிறவர் வேறு, விற்கிறவர் வேறு. தரகரோ என்று நினைத்துவிடாதீர்கள். தரகருக்குக் கமிஷன் கொடுத்தால் கணக்கு முடிந்தது. இவர் இலவசமாக வருகிறவர். அதனால் ஆயுளுக்கும் மரியாதை கொடுத்தாக வேண்டும்.

இவர்தான் பழைய கார் பார்க்கக் கூட வருகிறவர்.

நம் பக்கத்தில் பழைய காரை ஒருவர் தனியாகப் போய் வாங்கிவிட முடியாது. பணம் இருக்கலாம், லைசென்ஸ் இருக்கலாம், வங்கிக் கடன்கூடக் கையெழுத்தாகியிருக்கலாம்; ஆனாலும் "கூட யாரைக் கூட்டிட்டுப் போன?" என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லையென்றால், அந்தக் கார் வாங்கப்பட்டதாகவே உறவுக்காரர்கள் ஏற்க மாட்டார்கள். பெண் பார்க்கப் போகும்போது பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போவது போலத்தான். ஒரே வித்தியாசம், பெண் வீட்டில் யாரும் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை. காருக்கு அதுவும் உண்டு.

கூட வருகிறவருக்குச் சொந்தமாகக் கார் இருக்கிறதா? பெரும்பாலும் இராது. அது ஒரு தகுதிக் குறைவும் அல்ல. கார் வைத்திருக்கிறவன் ஒரு காரைத்தான் அறிவான். வைத்திராதவனுக்கு எல்லாக் காரையும் பற்றிச் சொல்ல முடியும்.

உதாரணத்துக்கு நம் திருமுருகனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு. அங்கேயே குவார்ட்டர்ஸில் வீடு. போக வர ஒரு ஸ்கூட்டர். ஆற்றில் இறங்கி அக்கரையில் ஏறுகிற வண்டியைத் தட்டிப் பார்த்துப் பழகிய கை அது. அந்தக் கையால் ஒரு சின்ன காரின் கதவைத் தட்டும்போது, தகரம் எழுப்புகிற ஓசை அவரை உண்மையாகவே புண்படுத்திவிடுகிறது. "என்ன சார் இது, அப்பளம் மாதிரி இருக்கு" என்பார். விற்கிறவருக்கு முகம் சுருங்கிவிடும். பாவம், அவர் என்ன செய்வார்? அவர் விற்பது போருக்குப் போகிற வண்டி இல்லையே.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருமுருகன் பார்க்கிற விஷயங்கள் அத்தனையும் சரி. கதவோரத்து ரப்பரை உரித்து, உள்ளே தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் புள்ளிகள் குலையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்; குலைந்திருந்தால் அடிபட்டுப் பிரித்து ஒட்டிய வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் ஏதோ ஒரு டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டி. ஸ்டெப்னியைத் தூக்கிக் குழிக்குள் விரலை விட்டுத் துருவைத் தேடுவார். மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் பிரேக் மிதியின் ரப்பர் தேய்மானத்தையும் எதிரெதிரே நிறுத்திச் சாட்சி விசாரிப்பார். வேகத்துக்கென்றே செய்த டர்போ வண்டியாக இருந்தால், சைலன்சரை மாற்றியிருக்கிறார்களா, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்களா, புகை நீலமாக வருகிறதா என்பது வரை குனிந்து படுத்துப் பார்த்துவிடுவார். குறை சொல்ல முடியாத பரிசோதனை.

தீர்ப்பில்தான் சிக்கல். தீர்ப்பு எப்போதும் ஒன்றே: வேண்டாம்.

குறைவாக ஓடிய வண்டியா? மீட்டரைத் திருப்பியிருக்கிறான். நிறைய ஓடியதா? சாறு போய்விட்டது. ஒரே ஓனரா? நல்ல வண்டியை எவனாவது விற்பானா? மூன்று ஓனரா? மூன்று பேர் கைவிட்டதை நாம் ஏன் எடுக்க வேண்டும்? இளைஞன் ஓட்டியதென்றால் இன்ஜின் போச்சு, வயதானவர் ஓட்டியதென்றால் கிளச் போச்சு, டாக்டர் ஓட்டியதென்றால் ஓட்டவே இல்லை, டியூபெல்லாம் காய்ந்து போச்சு. இதிலிருந்து தப்பிக்கக்கூடிய ஒரு காரை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? என்னால் முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு பெரிய விவேகம் இருக்கிறது. "எடு" என்று சொன்ன கார் என்றைக்காவது திருமழிசை பாலத்தின் மேல் நின்றுவிட்டால், பழி சொன்னவர் தலையில் விழும். "வேண்டாம்" என்று சொன்ன கார் எங்கே நின்றாலும் அது வேறு யாரோ ஒருவருடைய கஷ்டம். நிற்காமல் ஓடினாலோ நமக்குத் தெரியப்போவதே இல்லை. ஆகவே திருமுருகன் இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்தத் தவறாத மனிதரிடம்தான் லாவண்யா மாட்டிக்கொண்டாள்.

லாவண்யா பட்டாபிராமில் புது அடுக்ககத்தில் குடியிருக்கிறாள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் ரயிலில் ஒற்றைக்காலில் நின்று போகிற நேரமெல்லாம், டர்போ இன்ஜினும் சிவப்புத் தையல் போட்ட சீட்டும் பின்னால் குட்டி இறக்கையும் வைத்த ஒரு சின்ன காரை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போகிறவள். பணம் அவளுடையது. அனுமதி அப்பாவுடையது. அப்பா சண்முகசுந்தரம், திருமுருகனோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தேனிக்குப் போய்விட்டவர். போனில் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "திரு பார்த்துட்டானா?"

திரு பார்த்தார். ஞாயிறுக்கு ஞாயிறு பார்த்தார். வந்த கார்களையெல்லாம் பார்த்துத் தள்ளினார். கடைசியில் கள்ளிக்குப்பத்தில், அவள் மனசுக்குள் ஓட்டியதைப் போலவே ஒரு சிவப்பு டர்போ கார் விற்பனைக்கு வந்தது.

சொந்தக்காரர் முகமது இஸ்மாயில். மஸ்கட்டில் வேலை கிடைத்து வெள்ளிக்கிழமை விமானம் ஏற இருந்தார். அதற்குள் விற்காவிட்டால் வண்டியை மச்சானிடம் விட்டுப்போக வேண்டும்.

"மச்சான் கைக்குப் போச்சுன்னா ஒரே வாரத்துல ஷேர் ஆட்டோ மாதிரி ஆக்கிடுவான்மா" என்றார் லாவண்யாவிடம். "அதான், நல்லாப் பாத்துக்கிற ஆளு யாராச்சும் வரமாட்டாங்களான்னு பாத்துகினு கீறேன்."

திருமுருகன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஜில்லுனு இருக்கே."

"ஆமா சார். நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னு காலைலேந்து எடுக்கவே இல்ல."

"அதைத்தான் சொல்றேன். எடுக்காம வச்சா பேட்டரி என்னத்துக்கு ஆகும்?"

"அங்கிள்," என்றாள் லாவண்யா, "போன வாரம் பானெட் சூடா இருக்குன்னு வேண்டாம்னீங்க. ஸ்டார்ட் ஆகாததை மறைக்க முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான்னு."

"அது வேற வண்டிம்மா."

ரப்பரை உரித்தார். வெல்டிங் புள்ளிகள் அத்தனையும் இடத்தில் இருந்தன. துக்க வீட்டில் செய்தி சொல்வது போல "ஒழுங்காத்தான் இருக்கு" என்றார். சீட் பெல்ட்டை இழுத்தார். கோடு இல்லை. "பெல்ட்டையே மாத்தியிருப்பான்." இஸ்மாயில் பெல்ட்டின் அடியில் தைத்திருந்த துணிச்சீட்டில், கார் பிறந்த வருஷமே அச்சாகியிருப்பதைக் காட்டினார். "அப்ப நல்லாத் துவைச்சிருக்கான்" என்றார் திருமுருகன்.

"வெளிவட்டச் சாலையில இதை விரட்டியிருக்கியா? உண்மையைச் சொல்லணும். ரேஸ் விடுற பசங்க வாங்குற வண்டி இது."

"எனக்கு ஆபீஸு, பள்ளிவாசலு, மாமியார் ஊடு. மாமியார் ஊட்டுக்கு எவன் சார் ரேஸ்ல போவான்?"

லாவண்யா ஓட்டினாள். திருமுருகன் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடி, சங்கீதம் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டார். பைபாஸில் ஏறி மூன்றாவது கியரில் மிதித்தபோது வண்டி முன்னால் பாய்ந்த பாய்ச்சலில் அவருடைய கண் தானாகத் திறந்துகொண்டது. லாவண்யாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். திருமுருகனும் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து வேப்பமர நிழலில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"வண்டியில ஒரு குறையும் தெரியல. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. வேண்டாம்."

இஸ்மாயில் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். "இன்னா சார், வண்டி வாங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா? இன்னும் உசுரோட கீது சார் அது."

அன்று சாயங்காலம் தேனியிலிருந்து போன். "திருவே வேண்டாம்னுட்டானேம்மா. விட்டுடு." லாவண்யா சரி என்றாள். திங்கட்கிழமை ரயிலில் ஒற்றைக்காலில் நின்றாள். செவ்வாய்க்கிழமையும் நின்றாள். புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கள்ளிக்குப்பம் போனாள்.

அங்கே அவள் செய்தது என்ன தெரியுமா? ரப்பரை உரித்தாள், பெல்ட்டை இழுத்தாள், ஸ்டெப்னிக் குழியில் விரலை விட்டாள், படுத்துப் பார்த்தாள். இத்தனை ஞாயிறுகளாகத் திருமுருகனுக்குப் பின்னால் நடந்த நடை வீண்போகவில்லை. அவர் பார்த்த அத்தனையையும் அதே வரிசையில் பார்த்துவிட்டு, அவர் சொன்னதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தாள்.

இஸ்மாயில் தெருமுனை வரை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பெரியவரு வரலியா?"

"இல்லண்ணா."

"பேப்பர்ல கையெழுத்துப் போடுறப்ப இட்டாந்துருவீங்களா?"

"இல்லண்ணா. நான் மட்டும்தான்."

"அப்ப சொன்ன ரேட்டுல இன்னும் கொஞ்சம் கொறைச்சுக்கிறேன்மா. எனக்கு நெஞ்சுவலி மிச்சம்."

கார் கைமாறியது. இஸ்மாயில் வெள்ளிக்கிழமை நிம்மதியாகப் பறந்தார். லாவண்யாவுக்கு நிம்மதி இல்லை. செய்தி கேட்டுச் சனிக்கிழமையே தேனியிலிருந்து வந்து இறங்கிய சண்முகசுந்தரம், காரைச் சுற்றி வந்தார், சீட்டில் உட்கார்ந்தார், நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். "அவன் பேச்சை மீறிட்டோம். இனி அவன் முகத்துல எப்படி முழிப்பேன்? திரு வாயால ஒரு வார்த்தை சரின்னு வராம நான் இந்த வண்டியில ஊருக்கு வரமாட்டேன்" என்றார்.

ஞாயிறு காலை குவார்ட்டர்ஸ் வாசலில் கார் நின்றது. லாவண்யா இனிப்புப் பெட்டியோடு இறங்கினாள். சண்முகசுந்தரம் நண்பர் வீட்டுக் கதவைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார். அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திருமுருகன் வெளியே வந்து காரைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வலம் வந்தார். பட்டாபிராமிலிருந்து ஓடி வந்திருந்த அந்த வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

லாவண்யா இனிப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஓடுற வண்டின்னா சூடாத்தான் இருக்கணும்." திரும்பிச் சண்முகசுந்தரத்தைப் பார்த்தார். "வண்டி எப்படி? நான்தான் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியல என்னால."

அவர் மனைவி ராஜகுமாரி வாசற்படியிலிருந்து கேட்டார்: "அன்னைக்கு வந்து அந்த வண்டி ஆகவே ஆகாதுன்னு சொன்னீங்களே?"

"அது விக்கிறவன் காதுல விழணும்னு சொன்னது. அப்பதான் இறங்குவான்." லாவண்யாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, விலையை இறக்கினானா இல்லையா?"

"இறக்கினார் அங்கிள்."

"யாரால?"

"உங்களாலதான் அங்கிள்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சண்முகசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. இனிப்புப் பெட்டி திறந்தது. நண்பர்கள் இருவரும் பின் சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பருத்திப்பட்டு ஏரி வரை ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். இப்போது குவார்ட்டர்ஸில் யார் பழைய கார் பார்க்கக் கூப்பிட்டாலும் திருமுருகன் அதை லாவண்யாவின் காரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அதுபோல இல்லை என்பதால் வேண்டாம் என்கிறார்.

சிரித்தீர்களா? நல்லது. ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் ரப்பர், பெல்ட், ஸ்டெப்னி, மிதி, புகை என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, உங்களுக்குள் ஒரு குரல் முணுமுணுத்ததா? "எல்லாம் சரி, சென்னை வெயிலில் ஓட்டுகிற வண்டி, ஏசியைப் போட்டுப் பார்த்தாளா அந்தப் பெண்? என்னைக் கூட்டிப்போயிருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன்" என்று?

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு போன் வரும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதல்லவா?