பட்டாளத்துக்குப் பிறந்த குட்டி

"இனி என் ஆயுசுக்கும் ஒரு கள்ளிச்செடிகூட வாங்க மாட்டேன்! இது சத்தியம்!"

ஹாலில் நடுநாயகமாக நின்று நான் இப்படி முழங்கினேன். என் மனைவி அசரவே இல்லை. "தலையில கை வெச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் அவள் தலையை நோக்கிக் கையை நீட்டினேன். சட்டென்று விலகிக்கொண்டாள்.

"என் தலை மேல வெச்சீங்கன்னா தைரியமா மீறிடுவீங்க. உங்க தலை மேல வைங்க."

வைத்தேன். அங்கே முடி குறைவு என்பதால் சத்தியம் நேராக மண்டையிலேயே இறங்கியது.

கள்ளி என்றதும் வேலியோரம் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் வளர்ப்பது குட்டி ரகம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒன்றை நட்டால் இடுப்பிலிருந்து நாலு குட்டி போடும். அந்த நாலும் சும்மா இராமல் ஆளுக்கு நாலு போடும். கொஞ்ச நாளில் தொட்டியே தெரியாமல் வெள்ளை வெளேரென்று கொத்தாக நிறைந்துவிடும். அப்படி நிறைந்த ஒரு தொட்டிக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பட்டாளம்'. என் உயிர் அதில்தான் இருந்தது. ஆனால் அந்த ரகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. லேசாகக் கை பட்டாலே குட்டி கழன்று உருண்டு ஓடிவிடும். அதனால் பட்டாளத்தின் பக்கத்தில் நான் தும்மக்கூட மாட்டேன்.

இந்தச் செடிகளுக்கெல்லாம் வெயில் வேண்டும். எங்கள் வீட்டுக்குள் வெயில் வருவது ஒரே ஒரு ஜன்னல் வழியாக. அந்த ஜன்னலை ஒட்டி மூன்று தட்டு இரும்பு ஸ்டாண்ட் போட்டு, தட்டு நிறையத் தொட்டிகளை அடுக்கி, நான் ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தையல் மெஷின் எங்கே என்று கேட்கிறீர்களா? சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில், ஒரு டியூப் லைட்டின் கீழ். அவள் தைப்பது டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டு. வெள்ளைத் துணி, வெள்ளை நூல்.

"ஊசி எங்க போகுதுன்னே தெரியலங்க. அந்த ஜன்னலை எனக்குக் கொடுங்களேன்."

"செடிக்கு வெயில் இல்லேன்னா செத்துடும்மா."

"எனக்குக் கண்ணு போயிடும்."

"கண்ணுக்குத்தான் நான் இருக்கேனே!"

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். அந்தத் திமிரில் சொன்ன பேச்சு அது. மறுநாளே கடைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். முறை வந்ததும் நாற்காலியில் ஏறினாள், எழுத்துப் பலகையைப் படித்தாள். நானும் வழக்கமான பல்லவியைப் பாடினேன்.

"கண்ணுல பெரிசா ஒண்ணும் இல்லம்மா. நல்ல வெளிச்சத்துல உக்காந்து வேலை செய்யணும். அவ்வளவுதான்."

"எங்க வீட்ல ஒரே ஒரு ஜன்னல்தான் சார்" என்றாள் சத்தமாக. "அதுல யாரோ ஒருத்தர் முள்ளு வளர்க்கறார்."

கடையே சிரித்தது. முதலாளி பில் போடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மானம் கப்பலேறிய அந்தச் சாயங்காலம்தான் மேலே சொன்ன சத்தியம் நடந்தது. ஜன்னல் எனக்கே. ஆனால் இனி ஒரு செடிகூட வாங்கக் கூடாது. புதிதாக ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால் அன்றே ஜன்னல் அவளுக்கு. ஒப்பந்தத்தின் வாசகம் அவளுடையது. இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதெல்லாம் அவள் இலாகா என்று விட்டுவிட்டேன்.

சத்தியத்தைக் கஷ்டப்பட்டுக் காப்பாற்றித்தான் வந்தேன். செடிக்கடை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனேன். கையும் மனசும் அரித்துக்கொண்டே இருந்தன. அப்போதுதான் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது.

"நம்ம பல் டாக்டரம்மாகிட்டயே போங்களேன். நான் கோட்டு தெச்சுக் கொடுக்கறேனே, அவங்கதான். ராசியான கை" என்றாள் மனைவி.

போனேன். டாக்டரம்மா ஊசி போட்டு, "மரத்துப் போகட்டும், கொஞ்சம் வெளில உக்காருங்க சார்" என்று அனுப்பினார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே, ஜன்னலே இல்லாத ஒரு மூலையில் பெஞ்சு. பக்கத்தில் சின்ன மேஜை. மேஜை மேல் ஒரு டம்ளரில்...

என் பல்வலி பறந்துவிட்டது.

கள்ளிதான். ஆனால் இதுவரை நான் கண்டிராத கள்ளி! சுண்டுவிரல் மாதிரி ஒல்லியாக, நீளமாக, வெளிர் பச்சையில் வளைந்து நின்றது. முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஏதோ வெட்கப்பட்டுக்கொண்டு முளைத்த மாதிரி. இடுப்பில் இரண்டு குட்டி வேறு. என்னிடம் இருக்கும் புத்தகங்களை மனதுக்குள் புரட்டினேன். எதிலும் இல்லை. அதுவும் இந்த இருட்டில் வளர்கிறதென்றால்? இருட்டிலேயே வளரும் அபூர்வ ரகம்! உலகத்தில் வேறு எவனுக்கும் தெரியாதது! எனக்கு வேர்த்துவிட்டது.

டாக்டரம்மா என்னை நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சை அடைத்தார்.

"ஆக்கர்... அகு... எங்க ஆங்கினீங்க?"

"எதுங்க சார்? அந்தச் செடியா? தெரிஞ்சவங்க ஒருத்தங்க கொடுத்தாங்க. உங்களுக்கு வேணுமா?"

நான் தலையாட்டிய வேகத்தில் டிரில் மெஷின் நழுவியிருக்கும்.

"ஆடாதீங்க சார்! செடியை விக்கறதுன்னு இல்ல. ஆனா ஒண்ணு. இங்க வர குழந்தைங்களுக்குப் பொம்மை, புத்தகம் எல்லாம் அடுக்க ஒரு ஸ்டாண்ட் தேடிக்கிட்டிருக்கேன். மூணு தட்டா, இரும்புல, உங்க வீட்ல ஒண்ணு இருக்காமே?"

எங்கள் வீட்டு ஸ்டாண்ட் இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. வாயில் பஞ்சு இருந்ததால் கேட்கவில்லை. பஞ்சு எடுத்த பிறகும் கேட்கவில்லை. 'வாங்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? இது பண்டமாற்று!' என்று உள்ளே ஒரு குரல் குதூகலமாகக் கூவிக்கொண்டிருந்தது. மூளையும் சேர்ந்து மரத்துப் போயிருந்திருக்கிறது.

இப்போது ஸ்டாண்டை வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும். ஸ்டாண்ட் போனால் தொட்டிகள் போக வேண்டும். தொட்டிகள் போனால் ஜன்னல் போகும். போகட்டும்! பின்பக்கத்து பால்கனியின் கைப்பிடிச் சுவரில் தொட்டிகளை அடுக்கிக்கொள்ளலாம். ஜன்னலை நானே தானம் கொடுக்கிற மாதிரி கொடுத்தால் தியாகி என்ற பட்டமும் கிடைக்கும். திட்டம் போட்டு முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

"இந்தாம்மா, நீ டியூப் லைட்டுல உக்காந்து தைக்கறதைப் பாத்தா என் வயிறு எரியுது. அந்த ஜன்னலை நீயே எடுத்துக்கோ."

அவள் மெஷினை நிறுத்தினாள். "என்னங்க, ஜுரமா?"

"மனசாரச் சொல்றேன்."

"வேண்டாங்க. பாவம், உங்க செடி வெயில் இல்லாம வாடிடும்."

"பால்கனில வெச்சுக்கறேன்."

"மழை வந்தா?"

"நனையட்டும்!"

"அந்த ஸ்டாண்டு எவ்வளவு ஆசையா வாங்கினீங்க..."

"அதைப் பல் டாக்டரம்மா கேட்டாங்க, கொடுத்துடறேன். குழந்தைங்க பொம்மை வைக்கவாம். புண்ணியம்."

"எனக்கு என்னமோ மனசு ஒப்பலங்க. நாளைக்கு, 'நீதானே ஜன்னலைப் பிடுங்கினே'ன்னு சொல்லிக் காட்டுவீங்க."

"சொல்லவே மாட்டேன்!"

"தலையில கை வெச்சு?"

மறுபடி மண்டை. ஒரு ஜன்னலை வாங்கிக்கொள்ளும்படி ஒரு மனிதன் தன் பெண்டாட்டியிடம் இவ்வளவு கெஞ்சி நான் கேள்விப்பட்டதில்லை. கடைசியில், "நீங்க இவ்வளவு தூரம் வற்புறுத்தறதால" என்று பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தாள். தையல் மெஷினை நான்தான் தூக்கி வந்து ஜன்னலடியில் வைத்தேன். இரும்பு மெஷின். இடுப்பில் ஏதோ ஒன்று 'களுக்' என்றது. அந்த இடுப்போடுதான் ஸ்டாண்டையும் தலையில் சுமந்துகொண்டு தெருவோடு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பும்போது டம்ளரைச் சட்டைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். முள் குத்திய இடமெல்லாம் எனக்கு இனித்தது.

இனிதான் என் புத்திசாலித்தனத்தின் உச்சம். தனித் தொட்டியில் வைத்தால் மாட்டிக்கொள்வேன், தியாகிப் பட்டமும் போய்விடும் இல்லையா? பட்டாளத்தின் தொட்டியிலேயே, ஓரமாக, கொத்தோடு கொத்தாக நட்டுவிட்டேன்.

சாயங்காலம் துணி எடுக்க பால்கனிக்கு வந்தவள் அங்கேயே நின்றாள்.

"என்னங்க இது, புதுசா?"

"புதுசா? எது புதுசு? பட்டாளம் போட்ட குட்டிம்மா அது!"

"இவ்வளவு நீளமா இருக்கே?"

"சிலது அப்படித்தான் பொறக்கும்."

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஆமாங்க. பாத்தாலே தெரியுது. அப்படியே தாயை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாயை உரிச்சு வெச்ச மாதிரியாம்! குண்டு குண்டு வெள்ளைத் தாய்க்கும் இந்த ஒல்லிப் பச்சைக்கும் என்ன சம்பந்தம்? பாவம், வெகுளி. இவளைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே வருத்தப்பட்டேன். அப்புறம் அபூர்வ ரகத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். என் பெயரையே வைத்தால் அடக்கமாக இருக்குமா என்பதுதான் ஒரே சந்தேகம்.

இரண்டு மாதம் நல்ல வெயில். பால்கனியில் செடிகள் ஜன்னலில் இருந்ததைவிடத் தளதளவென்று ஆகிவிட்டன. அதைச் சொல்லி அவளுக்கு வெற்றியைக் கொடுப்பேனா? வாயே திறக்கவில்லை. அவளும் ஜன்னலடியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கடகடவென்று தைத்துத் தள்ளினாள். கண்ணைக் கசக்குவது நின்றுவிட்டது. பார்க்க எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூதக்கண்ணாடியும் கையுமாக அபூர்வ ரகத்திடம் போனேன். தலைப்பக்கம் புது வளர்ச்சி வந்திருந்தது. குனிந்து பார்த்தேன்.

உருண்டையாக இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. முள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கீழே ஒல்லி, மேலே குண்டு. ஒல்லிக் கழுத்தின் மேல் பட்டாளத்தின் தலை! பக்கத்தில் இருந்த பட்டாளத்தைப் பார்த்தேன். இதைப் பார்த்தேன். மறுபடி அதைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவனுக்கு அப்போதுதான் கண் திறந்தது. வெயில் படாமல் இருட்டில் கிடந்தால் எந்தக் கள்ளியும் இப்படித்தான் வெளிறிப்போய் நீளும். இது கள்ளி வளர்க்கிறவனுக்கு முதல் பாடம். அந்த முதல் பாடத்தில் நான் கோட்டை விட்டிருந்தேன். என் செடியின் குட்டியை என் ஸ்டாண்டைக் கொடுத்து நானே வாங்கி வந்திருக்கிறேன்!

குமுறிக்கொண்டு ஹாலுக்குள் பாய்ந்தேன். பாய்ந்தவன் அப்படியே நின்றேன். ஜன்னல் ஓரத்தில், மெஷினுக்குப் பக்கத்தில், என் மூன்று தட்டு ஸ்டாண்ட். மேல் தட்டில் நூல்கண்டு, நடுத் தட்டில் துணி, கீழ்த் தட்டில் தைத்து முடித்த கோட்டு.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"டாக்டரம்மா இப்பத்தான் அனுப்பி வெச்சாங்க. அங்க இடம் போதலையாம். நீங்க ஆசையாக் கொடுத்ததாச்சே, திருப்பி அனுப்பினா வருத்தப்படுவீங்களோன்னு பயந்தாங்க. நான் சமாளிச்சுட்டேன்."

"அந்தச் செடி..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தச் செடிங்க?"

"பட்டாளத்துல இருக்கே..."

"குட்டியா?"

"அது குட்டி இல்ல! அதாவது... குட்டிதான். ஆனா நான் சொன்ன குட்டி இல்ல. நான் சொன்னப்ப அது குட்டியா இல்ல. இப்பதான்..."

"உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றாள் மெஷினை மிதித்தபடியே.

உட்கார்ந்தேன். அசடு வழிந்தது. துடைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நாள் முன்னாடிங்க. வீடு பெருக்கறப்ப உங்க பட்டாளத்துலேருந்து ஒண்ணு கழண்டு உருண்டு வந்துச்சு. குப்பையில போட மனசு வரல. டாக்டரம்மாகிட்டக் கொடுத்தேன். ஒரு டம்ளர்ல வெச்சாங்க. அது பாட்டுக்கு இருட்டுல நீளமா வளந்துச்சு. உங்களுக்குப் பல்வலி வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கோட்டு கொடுக்கப் போனப்பப் பாத்தேன். இதை உங்களுக்கு அடையாளம் தெரியுமான்னு எனக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒரு சின்னப் பந்தயம். தெரியாதுன்னு சொன்னது நான்."

"அப்ப அன்னிக்கு, தாயை உரிச்சு வெச்ச மாதிரி இருக்குன்னு..."

"நிஜத்தைத்தானே சொன்னேன்?"

"ஆனா குட்டின்னு நான் சும்மா, வாய்க்கு வந்ததைச் சொன்னேனே!" என்று கத்தினேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெளிச்சத்தில் கோட்டைத் தூக்கிப் பிடித்துத் தையலை ஒரு தரம் சரிபார்த்தாள்.

"தெரியுங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க எங்கிட்ட சொன்ன பொய்யிலேயே அது ஒண்ணுதாங்க நிஜம்."