ஐயமறத் தெளிந்த வால்வு

உலோக ஆய்வுக்கூடத்தின் முதுநிலை ஆய்வாளருக்குச் சக ஊழியர்கள் வைத்திருந்த பெயர் தசமப்புள்ளி. அவருக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். ஒருநாள் அவர் மேசைக்கு ஒரு பித்தளை வால்வு வந்தது. அவர் குடியிருக்கும் தெருவுக்கே தண்ணீர் விடும் குழாயில் மாட்ட வேண்டிய வால்வு. பித்தளையில் ஈயம் அளவுக்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், மறுநாளே தெருவில் தண்ணீர்.

எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தார். ஈயம் அளவுக்குள்தான் இருந்தது. ஒரு துண்டை அறுத்து அமிலத்தில் கரைத்தும் பார்த்தார். அதிலும் அளவுக்குள்தான், ஆனால் முன்னதைவிட ஒரு இழை குறைவு.

காரணம் அவருக்குத் தெரியும். எக்ஸ்ரே மேல்தோலை மட்டும் பார்க்கும். கடைசல் பிடிக்கும்போது ஈயம் மேலே இழுபட்டிருக்கும். அமிலம் உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சொல்லும். இரண்டுமே சரி. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கை வரவில்லை. இயக்குநரிடம் போனார்.

இயக்குநர் அண்மையில் ஒரு கருத்தரங்குக்குப் போய், 'ஒன்றுக்கொன்று துணைநிற்கும் பகுப்பாய்வு முறைகள்' என்ற சொற்றொடரோடு திரும்பியிருந்தார். அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"துணை எங்கய்யா நிக்குது? ரெண்டும் சண்டையில்ல போடுது!"

"ரெண்டுமே அளவுக்குள்ளதான் சார் இருக்கு."

"இருக்கட்டும். மூணாவதா ஒண்ணைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பண்ணுங்க."

"ஆகட்டும் சார்" என்றார் தசமப்புள்ளி. அவர் அங்கே போனதே அதற்காகத்தானே!

இன்னொரு துண்டை அறுத்துத் தீப்பொறி பாய்ச்சி, வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தார். அது யார் பக்கமும் சேராமல் நடுவில் நின்றது. நாலாவது முறைக்கு இன்னொரு துண்டு, அதுவும் அமிலத்துக்குள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை.

வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள். "என்னங்க, குடத்துல அடி தெரியுது. அந்த வால்வு நல்லதா கெட்டதா?"

"நல்லதுதாம்மா. எவ்வளவு நல்லதுன்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

ஒருவழியாக எல்லா முறைகளும் ஒத்துப்போயின. 'மேற்படி வால்வு குடிநீர் வழங்கலுக்கு ஐயத்துக்கு இடமின்றி உகந்தது' என்று சான்றிதழ் தயாரானது. இயக்குநர் கைகுலுக்கினார். குழாய் மாட்டுபவர் வந்தார்.

"வால்வு எங்க சார்?"

தசமப்புள்ளி ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டினார். உள்ளே அழகான நீல நிறத்தில் ஒரு திரவம். "முக்கால்வாசி இதுலதான் இருக்கு."

"இதை எப்படி சார் குழாய்ல மாட்டறது?"

"அது உங்க இலாகாப்பா."

அந்த வாரம் முழுவதும் பக்கத்துத் தெருவிலிருந்து அவரே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டபோது புத்தி வந்தது. முதல் வால்வைச் செய்த பட்டறையிலிருந்தே புது வால்வு வந்ததும் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார், சரி என்று எழுதினார், தாமே தெருவுக்கு எடுத்து வந்தார்.

தெரு நலச் சங்கத்தின் செயலாளர் அவர் மனைவிதான். வால்வை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முன்ன வந்ததுக்கு நாலு வகை சோதனை. இதுக்கு மட்டும் ஒண்ணுதானா? எங்க தெருன்னா அவ்வளவு இளப்பமா?"

"அதானே!" என்றது பின்னால் காலிக் குடங்களோடு நின்ற கூட்டம். "எங்களுக்கும் அந்த நாலும் வேணும்!"

இத்தனை வருட வேலையில் தசமப்புள்ளியை யாரும் இப்படிப் புரிந்துகொண்டதில்லை. எல்லாரும் கைதட்ட, வால்வை வாங்கிக்கொண்டு, ரம்பத்தைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.