பி.எச்.ஐ. சீவரத்தினம் முதியோர் இல்லம் தேடினார்

புதன்கிழமையும் கைவிட்டுப் போன அன்றுதான், சீவரத்தினம் வீட்டை விட்டே போய்விடுவதென்று தீர்மானித்தார்.

செவ்வாயும் வெள்ளியும் போனதில் அவருக்கு வழக்கில்லை. இணுவிலில் பிறந்தவன் அந்த நாட்களில் மீன் கேட்கமாட்டான். சனிக்கிழமை அவருடைய ஏழரைச் சனியோடு போனது. சனி விலகிப் பத்து வருடமாயிற்று. சனிக்கிழமை மட்டும் திரும்பி வரவில்லை. திங்கள், மகளுக்கு நல்ல மாப்பிள்ளை பொருந்துவதற்காக மனைவி குணலட்சுமி பிடித்த விரதம். மாப்பிள்ளை பொருந்தி, மகள் கனடாவில் மூன்று பிள்ளையும் பெற்றுவிட்டாள். திங்கள் திங்களாகவே நின்றது. வியாழன், குணலட்சுமியின் முழங்காலுக்கு. ஞாயிறு, இளையவன் வாகீசன் கொழும்புக்குப் போய்ப் பாஸ்போட் எடுப்பதற்கு. மிஞ்சியிருந்தது ஒரேயொரு புதன். சீவரத்தினம் வியாழன் காலையில் எழும்பினால் அடுத்த புதனுக்கு எத்தனை நாள் என்று விரல் மடிப்பவர்.

அந்தப் புதனில்தான் சட்டியைத் திறந்தால் பூசணிக்காய்.

"இஞ்சரும், இண்டைக்குப் புதனல்லே?"

"ஓம். இனிப் புதனும் பிடிக்கிறன்."

"ஆரைக் கேட்டு?"

"ஆரைக் கேக்கிறது? சுவிசுக்கு வெளிக்கிட்ட பிள்ளை மொஸ்கோவிலை நிக்கிறான். ஏஜென்சிக்காரன் விட்டிட்டு ஓடி நாலு மாசம். ஒரு துண்டுக் கடிதமில்லை. உங்களுக்கு மீன் கேக்குதோ?"

"நீர் பிடியுமப்பா, நான் மறிக்கேல்லை. எனக்கு ஒரு சின்னத் துண்டு..."

"போன கிழமை கோயிலிலை என்ன சொன்னனீங்கள்? நாக்குக்கு அடிமைப்பட்டவனுக்கு மோட்சத்திலை நிக்கவும் இடமில்லை எண்டு. முன்னுக்கு இருந்து கண்ணைத் துடைச்சது நான்தான்."

இதுதான் சீவரத்தினத்தின் வில்லங்கம். முப்பது வருடம் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அவர் பி.எச்.ஐ. ஐயாதான். ஓய்வு பெற்ற பிறகு கோயிலில் புராணம் படிக்கும்போது பயன் சொல்லத் தொடங்கினார். ஒருவர் பாட்டை வாசிக்க, இவர் அதன் பொருளை நீட்டி முழக்குவார். குரல் நன்றாக இருந்ததால் புலனடக்கம், புலாலின் கேடு என்று எதையாவது முழங்கிவிடுவார். முழங்கியதெல்லாம் வீட்டுக்கு வந்து அவரையே கடித்தது. பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கி ஒரு பிடி மீன் சோறு தின்னவும் வழியில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், "ஐயா குசினி பாக்க வந்திருக்கிறார்" என்று முதலாளி சட்டிகளை ஒளித்துவிடுவான்.

ஆகவே அன்று பின்னேரம் அவர் தொண்டையைச் செருமினார்.

"குணம், எங்களுக்கும் வயசு போகுது. பிள்ளையள் இனி இஞ்சை வரப்போறதில்லை. சண்டையும் முடியிற மாதிரித் தெரியேல்லை. நாளைக்கு எனக்கொண்டு வந்தால் ஆர் பாக்கிறது? நல்ல முதியோர் இல்லமாய்ப் பாப்பம். முதல் நான் போய் ஒரு மாசம் இருந்து பாக்கிறன். சரியெண்டால் பேந்து நீரும் வரலாம்."

குணலட்சுமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நல்லாய்ப் பாருங்கோ," என்றாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம். சீவரத்தினம் பழைய சைக்கிளைத் துடைத்து, கந்தோரில் வேலை பார்த்த காலத்துக் கொப்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இல்லத்துக்கு நூறு புள்ளி. கிணறு, கக்கூசு, கழிவுநீர்க் கான், குசினி, இலையான், நுளம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புள்ளி. சாப்பாட்டுக்குக் கொப்பியில் இடமே இல்லை. அதை மட்டும் அவர் வாய்ப் பேச்சாகக் கேட்டுக்கொண்டார்.

முதலாவது இல்லம், சைவப் பெரியவர்கள் நடத்தியது. தரையில் சோற்றைப் போட்டு அள்ளித் தின்னலாம், அவ்வளவு துப்புரவு. "மூண்டு நேரமும் சுத்தமான மரக்கறி ஐயா," என்றார் பொறுப்பாளர். சீவரத்தினம் உடனே கிணற்றுக்கும் கக்கூசுக்கும் இடையில் அடி வைத்து அளந்தார். ஐம்பது அடிக்கு ஓரடி குறைந்தது. நாற்பத்திரண்டு புள்ளி.

மானிப்பாய்ப் பக்கத்து இல்லத்தில் மாதத்துக்கு ஒருமுறை கருவாடு போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியில் நெளிகிற இரண்டு நுளம்புக் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பத்தொன்று.

மூன்றாவது, குருநகர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம். போனது வெள்ளிக்கிழமை. பகல் சாப்பாட்டு நேரம். பொறுப்பாக இருந்த சிஸ்டர் யசிந்தா, வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாதென்று ஒரு கோப்பையைக் கொடுத்தார். கோப்பையில் சோறு, அதற்கு மேல் புளி விட்ட ஒட்டி மீன் குழம்பு. கரையோரக் களக்கடலில் வலை போடுகிறவர்கள் நேர்த்திக்கடனாக ஒரு பங்கு மீனை ஒவ்வொரு நாளும் இல்லத்துக்குக் கொடுப்பார்களாம். 'ஒவ்வொரு நாளும்' என்ற சொல் சீவரத்தினத்தின் காதில் கோயில் மணி போல விழுந்தது. வெள்ளிக்கிழமை என்பது அவருக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் குணலட்சுமி கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.

"உந்தக் கடைசி இல்லத்திலை கான் திறந்து கிடக்கெண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம்."

"தண்ணித் தொட்டிக்கு மூடி இல்லை. குசினிச் சுவரிலை பூனை மூண்டு."

"ஓம்."

"பேந்தென்ன தொண்ணூற்றாறு புள்ளி?"

"காத்தோட்டமப்பா. கடற்காத்து. அதுக்கு முப்பது."

"பூனைக்கு?"

"பூனை நிண்டால் எலி நிக்காது. எலிக்காய்ச்சல் வராது. அதுக்கொரு பத்து."

குணலட்சுமி கொப்பியை மூடிவிட்டு அவருடைய வலது கையைப் பார்த்தாள். நாற்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த சீவரத்தினம் வெளியில் போய் வந்தால் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறவர். சவர்க்காரம் கிடையாத இந்தக் காலத்திலும் சாம்பல் போட்டுக் கழுவுவார். இன்றைக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகிறது. கை கிணற்றடிப் பக்கமே போகவில்லை. இடைக்கிடை மூக்குப் பக்கம் மட்டும் போய் வந்தது.

"நல்ல இடந்தான் போலை," என்றாள் குணலட்சுமி. "திங்கட்கிழமை நாள் நல்லாயிருக்கு. நானும் வந்து ஒருக்கால் பாக்கிறன்."

அவள் வந்தால் குசினிக்குள் நுழைந்துவிடுவாளே என்று சீவரத்தினம் மூன்று இரவும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. ஆனால் வந்தவள் குசினிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். அவர் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய் வருவதற்குள் சிஸ்டர் யசிந்தாவோடு ஓர் ஐந்து நிமிடம் கதைத்தாள். அவர் வெளியே வந்தபோது சிஸ்டரின் கண் கலங்கியிருந்தது. பெண்சாதியைப் பிரிகிற துக்கத்தைப் பார்த்துத்தான் கலங்குகிறார் என்று நினைத்துச் சீவரத்தினம் தானும் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"கவனமாய் இருங்கோ," என்று சொல்லிவிட்டுக் குணலட்சுமி போனாள்.

பகல் மணி அடித்தது. சீவரத்தினம் முதல் ஆளாகப் போய்ச் சாப்பாட்டு வாங்கில் இருந்தார். பக்கத்தில் அவருடைய அறைக்காரர், கடலில் ஐம்பது வருடம் கிடந்த கிறகோரி. கிறகோரியின் கோப்பையில் திரளி மீன். பாதி வயிறு முட்டையோடு கிடந்தது. சீவரத்தினத்தின் முன்னால் மட்டும் ஒரு வாழையிலை விரிந்தது. இலையில் பருப்பு, முருங்கையிலை வறை, பிறகு, ஆம், பூசணிக்காய்.

"சிஸ்டர், இதென்ன?"

"பயப்படாதேங்கோ ஐயா. உங்களுக்கெண்டு புதுச் சட்டி, புது அகப்பை. எங்கடை மீன் அகப்பை இதிலை படவே படாது."

"அதில்லை சிஸ்டர். எனக்கு அப்பிடி வேறை சமையல் தேவையில்லை. எல்லாருக்கும் உள்ளது எனக்கும்."

சிஸ்டர் கைகளைக் கூப்பினார். "அம்மா சொன்னவ. எங்களுக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாதெண்டு நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவீங்களாம். மீன் வைச்சால் மரியாதைக்காகச் சாப்பிட்டிட்டுப் பேந்து இரவிரவாய் அழுவீங்களாம். நாங்கள் நம்பக்கூடாதெண்டு கையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனவ."

சீவரத்தினம் பருப்பைப் பிசைந்தார். வேறென்ன செய்வது? கோயிலில் பயன் சொல்கிறவர், மீன் தின்னத்தான் வீட்டை விட்டு வந்தேன் என்று நாற்பது கிழடுகளுக்கு முன்னால் சொல்ல முடியுமா?

அடுத்த நாள் இறால். அதற்கடுத்த நாள் நண்டு. நண்டன்று அவர் கிறகோரியின் காதுக்குள் குனிந்தார்.

"அண்ணை, உந்தக் கோப்பையை இஞ்சாலை தள்ளுங்கோ. என்ரை இலையை நீங்கள் எடுங்கோ. ஆருக்கும் தெரியாது."

கிறகோரி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஐயாவின்ரை விரதத்தை நான் முறிச்சால் கும்பசாரத் தொட்டியிலை நிண்டு சுவாமியாரிட்டை எப்பிடி அதைச் சொல்லுறது? முகத்தை அங்காலை திருப்புங்கோ ஐயா, மணமும் படக்கூடாது."

"எனக்கு விரதமே இல்லை அண்ணை!"

"ஐயாவின்ரை மனம் பெரிசு," என்று சொல்லிக் கிறகோரி நண்டுக் காலைக் கடித்தார். அந்தச் சத்தம் சீவரத்தினத்தின் நெஞ்சுக்குள் கேட்டது.

ஐந்தாம் நாள் வெட்கத்தை விட்டுவிட்டார். நேரே சிஸ்டரிடம் போனார்.

"சிஸ்டர், உள்ளதைச் சொல்லுறன். எனக்கு மீன் வேணும். நான் மீன் தின்னத்தான் இஞ்சை வந்தனான்."

சிஸ்டரின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. "அம்மா சொன்ன மாதிரியே நடக்குது! ஐஞ்சாம் ஆறாம் நாளிலை சோதனை வருமாம். வாய் விட்டு மீன் கேப்பீங்களாம். அந்த நேரம் நாங்கள் விட்டுக் குடுத்தால் மகனுக்காக நீங்கள் பிடிக்கிற நாப்பத்தைஞ்சு நாள் விரதமும் வீணாய்ப் போகுமாம்."

"மகனுக்காகவோ?"

"மொஸ்கோவிலை நிக்கிற பிள்ளைக்காக. அவன் நல்லபடி போய்ச் சேருறதுக்காக நாக்கிலை ருசி தொடமாட்டன் எண்டு நீங்கள் வீட்டையும் விட்டிட்டு வந்து கிடக்கிறியளெண்டு அம்மா சொல்லி அழுதவ. பின்னேரம் எல்லாரும் உங்கடை பிள்ளைக்காகச் செபமாலை சொல்லுறம் ஐயா. நீங்கள் தளரக்கூடாது."

சொன்னது போலவே சொன்னார்கள். நாற்பது பேர், பாதிப் பேருக்குப் பல்லில்லை, வாகீசன் என்ற பெயர் ஒருவருக்கும் சரியாக வரவில்லை. கிறகோரி முழங்காலில் நின்றார். சீவரத்தினம் மூலையில் இருந்து பார்த்தார். கண் காணாத ஊரில் பனிக்குள் நிற்கும் பிள்ளையை இந்த நாலு மாதத்தில் தான் எத்தனை தரம் நினைத்தோம் என்று யோசித்தார். குணலட்சுமி கிழமைக்கு ஏழு நாளும் நினைத்தாள். அவர் நினைத்ததெல்லாம் புதன்கிழமையை. வெட்கமாக இருந்தது, வெறும் வெட்கம். அன்று இரவு பூசணிக்காயை ஒரு துண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார்.

பிறகு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பது நாள் முடிந்து பத்தாம் நாள், புதன்கிழமை, சைக்கிளை எடுத்துக்கொண்டு இணுவிலுக்கு மிதித்தார். வழி நெடுக ஒரே எண்ணம்தான். குணத்தோடு இருந்து விரதச் சோறு சாப்பிட்டால் போதும். இனி மீன் என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை.

படலையைத் திறந்ததும் மூக்கு அவரைக் காட்டிக் கொடுத்தது. கொத்தமல்லி, பழப்புளி, கறிவேப்பிலை, திரளி. பக்கத்து வீடாக்கும் என்று நினைத்தார். பக்கத்து வீட்டில் ஆளில்லை.

குசினி வாசலுக்கு ஓடி வந்தாள் குணலட்சுமி. கையில் வெளிநாட்டுக் கடிதம்.

"இஞ்சருங்கோ! பிள்ளை சுவிசுக்குப் போய்ச் சேர்ந்திட்டான்! நேற்றுப் பின்னேரம்தான் கடிதம் வந்தது. நானே உங்களைக் கூட்டிக்கொண்டு வர இருந்தனான்."

சீவரத்தினம் கடிதத்தை வாசித்தார். ஒருமுறை வாசித்துப் போதாமல் இன்னொரு முறை. எழுத்துத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் துடைத்தாள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். அந்த நிமிடத்தில் சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை.

"அப்ப குணம், உந்த மணம்...?"

"அவன்தான் கடைசிப் பிள்ளை. இனி நான் சாமியிட்டைக் கேக்க ஒண்டுமில்லை. செவ்வாய் வெள்ளி போக மிச்ச நாளெல்லாம் விட்டிட்டன். வாங்கோ, சாப்பிடுவம்."

ஐந்து நாள்! இழந்த ஐந்தும் ஒரே நாளில் திரும்பி வந்து வரிசையில் நின்றன. சீவரத்தினம் கை கழுவினார், மூன்று தரம். பலகையில் இருந்தார். குணலட்சுமி தன் கோப்பையில் சோறு போட்டு, திரளித் தலையை எடுத்து வைத்தாள். பிறகு இன்னொரு சட்டியைத் திறந்து, அவருடைய கோப்பையில் பூசணிக்காய் போட்டாள்.

"இதென்னப்பா?"

"என்ரை நேர்த்தி முடிஞ்சுது. நீங்கள் பிடிச்ச விரதத்தாலைதானே பிள்ளை கரை சேர்ந்தவன்! சிஸ்டருக்குப் போய் நன்றி சொல்லேக்கை நான் பொய் சொன்னவளாய் நிக்கக்கூடாது," என்று சொல்லிக் குணலட்சுமி மீன் தலையை உடைத்தாள். "சாப்பிடுங்கோ. உங்களுக்கு இன்னும் முப்பத்தாறு நாள் கிடக்கு."