ஏறாத கப்பலுக்கு நன்றிப் பூசை

எனக்குக் கப்பல் ஆசை வந்ததற்குக் காரணம் கடல் இல்லை, பிரியாணி. சொல்லவே வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த சமயம், பிரேசர் டவுனில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் வெள்ளைச் சீருடையில் வந்திருந்தான். கப்பலில் அதிகாரியாம். பந்தியில் அவனுக்குக் கேட்காமலேயே இரண்டாம் முறை பிரியாணி வந்தது. எனக்குக் கேட்டும் வரவில்லை. கை கழுவும்போதே என் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிட்டேன்.

(அதுவரை நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணியில். அலை வந்ததும் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டேனாம்.)

தீர்மானித்தது நான், அலைந்தது அப்பா. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவர். கப்பல் பயிற்சிக் கல்லூரிக்குப் போன் போட்டால், விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அப்பா விடாமல் கெஞ்சியதில், "ஏதாவது ஒரு கப்பல் கம்பெனி உங்க பையனை நாமினேட் பண்ணினா லேட் அப்ளிகேஷனை எடுத்துக்கறோம்" என்று ஒரு வழி சொன்னார்கள்.

எங்கள் சர்ச் பங்கில் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் இருந்தார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத என் அப்பா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவருக்காகக் காத்து நின்றார்.

"இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தான் உங்க பையன்?" என்றார் கேப்டன்.

"யோசிச்சிட்டிருந்தான் சார்."

"கப்பல் இவன் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்குமா?"

அப்பா தலை குனிந்துகொண்டார். பக்கத்தில் நான் நிமிர்ந்து நின்றேன், ஏற்கெனவே தோளில் அதிகாரிப் பட்டை வந்துவிட்டவன்போல. அடுத்த ஞாயிறும் அப்பா நின்றார். அதற்கடுத்த ஞாயிறும். கடைசியில் கேப்டன் ஒரு கம்பெனிக்குப் போன் செய்தார். நேர்காணலில், "சின்ன வயசிலேருந்தே கடல்னா எனக்கு உயிர் சார்" என்று அடித்துவிட்டேன். கேப்டன் முகத்துக்காக நாமினேஷன் கிடைத்தது. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி என்றார்கள்.

மெடிக்கலை யார் மதித்தார்கள்! அப்பா தொழிற்சாலையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஃபாதர் நன்றிப் பூசையே வைத்து, இயேசு கடலை அதட்டி அடக்கியதைப் பிரசங்கம் செய்து, கடைசியில் என் பெயரில் கொண்டுவந்து முடித்தார். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் என் புகைப்படத்துக்குக் கீழே யாரோ நங்கூரம் போட்டிருந்தார்கள். தையல்காரர் வெள்ளைச் சீருடைக்கு அளவே எடுத்துவிட்டார்.

மெடிக்கல் அன்று டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள்.

"இதுல என்ன நம்பர் தெரியுது?"

"இதுல நம்பரே இல்லையே சார்."

"இதுல?"

"இதுலயும் இல்ல சார்" என்றேன், பெருமையாகச் சிரித்துக்கொண்டு. பையன் பொய் சொல்கிறானா என்று சோதிக்கிறார்கள், நானா மாட்டுவேன் என்று நினைப்பு. பின்னால் ஃபைலுடன் உட்கார்ந்திருந்த அப்பா தாங்க முடியாமல், "நாப்பத்தஞ்சுடா... எவ்ளோ பெருசா இருக்கு, பாருடா" என்று கிசுகிசுத்தார்.

"கப்பலுக்கு நீங்களா போறீங்க?" என்றார் டாக்டர். பிறகு புத்தகத்தை மூடினார். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரிகிறதாம். எதிரே வரும் கப்பலின் விளக்கைப் பார்த்து அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று என்னால் சொல்ல முடியாதாம்.

"கண்ணாடி போட்டா சரியாயிடுமா டாக்டர்?" என்றார் அப்பா.

"ஆகாதுங்க. பொறவியிலேயே வர்றது. அம்மா வழியில வரும்."

"இன்ஜின் பக்கமாவது..."

"அங்கயும் இதே ரூல்தாங்க."

திரும்பி வரும்போது ஒரு சிக்னலில் அப்பா வண்டியை நிறுத்தினார். "இது என்ன கலர்?"

"சிவப்பு."

"எப்படித் தெரியும்?"

"மேல எரியுதேப்பா."

பச்சை விழுந்த பிறகும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒவ்வொருவரிடமும், "கண்ணுல சின்னப் பிரச்சினை" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அது வாய் மாறி வாய் போய், எனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று ஆகிவிட்டது. மன்றாட்டில் "ஒளி இழந்துவரும் நம் சகோதரருக்காக" ஜெபித்தார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார். (எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.)

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மெடிக்கல் முடிந்த அன்று மாலை, சாப்பிடும்போது, அசட்டுத்தனமாக, "எல்லாம் உன்னாலதாம்மா. அம்மா வழியிலதான் வருமாம்" என்று சிரித்தேன். கரண்டியோடு அம்மா அப்படியே நின்றாள்.

அம்மாவின் அண்ணன் லாரி டிரைவர். நான் பிறப்பதற்கு முன்பே, ஒசூர் ரோட்டில் சிவப்பு விழுந்த சிக்னலுக்குள் வண்டியை விட்டுச் செத்துப்போனவர். குடித்துவிட்டு ஓட்டினான் என்றுதான் போலீஸும் சொந்தக்காரர்களும் சொன்னார்கள். அம்மாவும் அதை நம்பி, கோபத்தில் அவர் கல்லறைப் பக்கமே போனதில்லை.

"மாமாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்றாள்.

"இருந்திருக்கலாம்" என்றார் அப்பா.

"அப்ப அவன் குடிக்கல."

அது அப்படித்தான் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் சாவி, ரிமோட், எது தொலைந்தாலும், "நம்பரே இல்லையே சார்" என்று தங்கை முதல் என் மனைவி வரை என் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அம்மா சிரிப்பதில்லை.

வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று மாமாவின் கல்லறைக்கு என்னை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போவாள். வாசலில் பூக்கடை. ரோஜா, செவ்வந்தி என்று என்னென்னவோ குவிந்திருக்கும். அம்மா தொடமாட்டாள்.

"உன் கண்ணுக்கு எது பளிச்சுனு தெரியுதோ அதை எடு" என்பாள். "அவனுக்கும் அதான் தெரியும்."

மஞ்சள் செவ்வந்தியை எடுத்துக் கொடுப்பேன்.