மாமனார் வண்டியில் ஒரு சொட்டு

டிராக்டருக்கு அடியில் குனிந்து பார்த்த மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. ரேடியேட்டருக்குக் கீழே பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு! உங்கப்பா வண்டியக் கெடுத்துட்டேன்!"

"நேத்துதானே குடுத்தாரு? போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"எப்படிம்மா சொல்றது? 'கண்ணு மாதிரி வச்சிருந்தேன், பாத்து ஓட்டுங்க'ன்னு சொல்லிக் குடுத்தாரே! கல்யாணமாகி மூணு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள மூஞ்சில கரியப் பூசிக்கணுமா?"

அந்த வீட்டுக்கு அவன் மூன்றாவது மருமகன். மாமனார் வாயால் ஒரே ஒரு முறை 'கெட்டிக்காரர்' என்று கேட்டுவிட வேண்டும். பாவம், வேறு ஆசையே கிடையாது.

ஒழுகியது அடி ஹோஸ். கிளிப்பை முறுக்கினான். இன்னும் கொஞ்சம் முறுக்கினான். ஹோஸுக்கும் டிராக்டரின் வயதுதானே? படாரென்று கிழிந்து, மிச்சமிருந்த பச்சைத் தண்ணீர் மொத்தமும் அவன் சட்டையில் இறங்கியது.

கடைக்கு ஓடிப் புது ஹோஸ் வாங்கி மாட்டினான். அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டதும், உள்ளே ஏறிய அழுத்தம் அடுத்த நோஞ்சானைத் தேடியது. வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது.

"இப்பவாவது அப்பாவுக்கு ஒரு போன்..."

"மூச்!"

பம்பைக் கழற்றும்போது போல்ட் ஒன்று பாதியில் முறிந்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்தான். அவர் போல்ட்டைப் பிடுங்கி, புதுப் பம்பைப் பூட்டி, இன்ஜினை ஓடவிட்டார். இந்த முறை ரேடியேட்டரே பீய்ச்சி அடித்தது.

"இதையும் மாத்திடலாமா சார்?"

"மாத்துங்க. ஆனா மாமனாருக்குத் தெரியக் கூடாது. பழசு மாதிரியே இருக்கணும்."

"புதுசுக்குப் பழைய மூஞ்சி வைக்க நான் எங்க சார் போவேன்?"

அதற்கும் அவனே வழி கண்டுபிடித்தான். புது ரேடியேட்டரின் மேல் கிரீஸையும் புழுதியையும் குழைத்துத் தடவினான். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடைசி மகளின் ஸ்கூட்டரில் மாமனார் வந்து இறங்கினார். முதல் வேலையாக வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. ரேடியேட்டரைத் தொட்டு, விரலில் ஒட்டிய கிரீஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டது.

"கெட்டிக்காரர் மாப்பிள்ளை நீங்க!" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் முடியவில்லை.

"மாமா, பிரேக் மட்டும் கொஞ்சம் லூசா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் வண்டி இங்கேயே நிக்கட்டும். அதையும் பாத்துடறேன்!"

மாமனார் வேறு பக்கம் திரும்பி இருமினார். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த மச்சினிதான் பதறிப்போய் இறங்கி ஓடிவந்தாள்.

"ஐயையோ, பிரேக்கத் தொட்டுடாதீங்க அத்தான்! பெரிய அத்தான் டயர் போட்டாரு, நடு அத்தான் கிளட்ச் போட்டாரு, நீங்க ரேடியேட்டர் போட்டாச்சு. பிரேக்கு எனக்கு வரப்போறவருக்கு!"